பிறந்த ஊர் ஒன்று, பெயர் தந்த ஊர் ஒன்று: கப்பலேறிய கரப்பானும் கரையானும்

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட கரப்பான்பூச்சி இனங்கள் ஏறத்தாழ 4,600; கரையான் இனங்கள் ஏறத்தாழ 3,000. இவற்றில் மிகப் பெரும்பாலானவை காட்டுச் சருகிலும் மட்கிய மரத்திலும் மண்ணுக்கடியிலும் வாழ்ந்து மடிபவை. வீட்டுக்குள் புகுந்து தொல்லை தரும் கரப்பான் இனங்கள் ஏறக்குறைய முப்பதுதான். பிறந்த மண்ணைவிட்டு வேற்று நாட்டில் வேரூன்றிய கரையான் இனங்கள் 1969இல் 17 என்று கணக்கிடப்பட்டன. 2013இல் வெளியான மறுகணக்கில் அவை 28 ஆயின.

இந்தச் சிறு கூட்டத்தின் பெயர்களை நம்பி ஊர் தேடிப் போனால் வழி தவறும். அமெரிக்கக் கரப்பானின் தாயகம் ஆப்பிரிக்கா. ஜெர்மன் கரப்பான் தெற்காசியாவில் தோன்றியது. ஃபார்மோசா கரையானின் சொந்த மண் தென் சீனம். மேற்கிந்திய உலர்மரக் கரையான் தென் அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்தது. பூச்சியை முதலில் எங்கே கண்டு எழுதினார்களோ அந்த ஊர் பெயரில் ஒட்டிக்கொண்டது. அவை பிறந்த ஊர் எது, எந்தச் சரக்கோடு புறப்பட்டன என்பதெல்லாம் பின்னால், சில வேளை இரண்டு நூற்றாண்டு கழித்தே, தெரியவந்தன.

ஒரே குடும்பம்

கரப்பானையும் கரையானையும் விலங்கியலார் நெடுங்காலம் இரு வேறு வரிசைகளில் வைத்திருந்தனர். ஒன்று தனித்துத் திரிவது, மற்றொன்று அரசனும் அரசியும் வேலைக்காரரும் வீரருமாகக் கூடி வாழ்வது; ஆகவே உறவு தொலைவானது என்று கருதப்பட்டது. இந்த எண்ணத்தை முதலில் அசைத்தவர்களுள் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் எல். ஆர். கிளீவ்லாண்ட். அமெரிக்காவின் மலைக்காடுகளில் மட்கிய மரத்தைத் தின்று வாழும் கிரிப்டோசெர்கஸ் என்ற கரப்பானைப் பற்றி 1934இல் அவர் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் குடலில் மரத்தைச் செரிக்க உதவும் ஒருசெல் உயிரிகள், கரையானின் குடலில் உள்ளவற்றுக்கு நெருங்கிய உறவினவாக இருந்தன. 2007இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு வழக்கை முடித்துவைத்தனர்: கரையான் என்பது கூடி வாழக் கற்றுக்கொண்ட கரப்பானே. கரையானுக்கென இருந்த தனி வரிசை கலைக்கப்பட்டு, கரப்பான் வரிசைக்குள் சேர்க்கப்பட்டது.

பயணம் செய்யும் முறையில் மட்டும் இரண்டுக்கும் வெகு தூரம். கரப்பானுக்குக் கைமூட்டை போதும். பெண் கரப்பான் முட்டைகளைத் தனித்தனியாக இடாமல் ஒரு கூட்டுக்குள் அடுக்கி வைக்கிறது. பழைய பெட்டியின் மூலையிலோ அலமாரியின் பின்புறத்திலோ காராமணி விதை அளவில் கருஞ்சிவப்பாக ஒட்டியிருப்பது அமெரிக்கக் கரப்பானின் முட்டைக்கூடு. அதனுள் 14 முதல் 16 முட்டைகள் இருக்கும். ஜெர்மன் கரப்பான் இன்னும் முன்னெச்சரிக்கை மிக்கது. 30 முதல் 40 முட்டைகள் கொண்ட கூட்டை, குஞ்சு வெளிவரும் நேரம்வரை வயிற்றின் நுனியிலேயே சுமந்து திரியும். ஒரு தாய் ஏறிவிட்டால் ஒரு குடும்பமே ஏறியதாகக் கணக்கு.

கரையானுக்கு வீட்டோடு பயணம் செய்தாக வேண்டும். பரவிய 28 இனங்களையும் ஆராய்ந்தவர்கள் மூன்று பண்புகளைச் சுட்டினர்: மரத்தைத் தின்பது, மரத்துக்குள்ளேயே குடியிருப்பது, அரசி இல்லாமற் போனாலும் கூட்டத்திலிருந்தே புதிய இனப்பெருக்க உறுப்பினரை உருவாக்கிக்கொள்வது. இம்மூன்றும் சேர்ந்தால் ஒரு மரத்துண்டே ஊராகிவிடும். தமிழ்நாட்டு வயல் வரப்பிலும் வேலியோரத்திலும் ஆளுயரப் புற்றெழுப்பும் கரையான் இனங்கள் கடல் கடக்காததற்கும் இதுவே காரணம். அவை மண்ணுக்கடியில் பூஞ்சைத் தோட்டம் வளர்த்து அதை உண்பவை. மண்ணையும் தோட்டத்தையும் அரசியையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு எந்தக் கப்பலிலும் ஏற முடியாது.

கரப்பானின் கடல் வழி

1587இல் ஆங்கிலக் கடலோடி பிரான்சிஸ் டிரேக், அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே சான் ஃபெலிப்பே என்ற கப்பலைக் கைப்பற்றினார். கீழை நாடுகளிலிருந்து நறுமணப் பொருள் ஏற்றி வந்த கப்பல் அது. அதன் சரக்கறையில் சிறகுள்ள பூச்சிகள் மொய்த்துக் கிடந்ததை ஆங்கில மருத்துவர் தாமஸ் மஃபெட் தம் பூச்சி நூலில் குறித்துவைத்தார். நூல் அவர் இறந்தபின் 1634இல் லண்டனில் அச்சாயிற்று. வெல்லம், மிளகு, உணவுத் தானியம், வெப்பம், இருட்டு என்று கரப்பானுக்கு வேண்டிய அனைத்தும் மரக்கப்பலின் அடித்தளத்தில் இருந்தன. மாலுமிகள் மாதக்கணக்கில் கரை காணாதபோதும் கரப்பான்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருகின.

சுவீடனின் கார்ல் லின்னேயஸ் 1758இல் உயிரினங்களுக்கு இருசொற்பெயர் சூட்டியபோது வீட்டுக் கரப்பான்கள் இரண்டு அவர் பட்டியலில் இடம்பெற்றன. அமெரிக்காவிலிருந்து வந்த பெரிய செம்பழுப்பு நிறக் கரப்பான் ‘அமெரிக்கானா’ ஆயிற்று. கறுத்தது ‘ஓரியென்டாலிஸ்’, அதாவது கீழைத்தேயத்தது. 1767இல் சிறிய வெளிர்பழுப்புக் கரப்பானை அவர் ‘ஜெர்மானிக்கா’ என்றார்.

இப்பெயர்களை வரலாற்றோடு ஒத்துப்பார்த்தவர் ஃபிலடெல்ஃபியா இயற்கை அறிவியல் கழகத்தின் ஜேம்ஸ் ரென். 1945இல் எழுதிய கட்டுரையில், கரப்பானை மனிதனின் அழைக்கப்படாத வழித்துணை என்று வருணித்து, வீட்டுக் கரப்பான்களின் பூர்வீகத்தை ஆப்பிரிக்காவில் தேடினார். அமெரிக்கக் கரப்பானைப் பொறுத்தவரை அந்த முடிவு நிலைத்தது. பெரிப்ளானெட்டா என்ற அதன் பேரினத்தில் அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய இனம் ஒன்றும் இல்லை. உறவெல்லாம் பழைய உலகின் வெப்ப நாடுகளில். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை அடிமைகளாக அடைத்துச் சென்ற கப்பல்களே அதை அட்லாண்டிக்கின் மறுகரையில் இறக்கின என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இன்று சென்னை முதல் மயாமிவரை பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்தால் முதலில் வெளியே ஓடிவருவது இந்த இனம்தான்.

ஜெர்மன் கரப்பான் விஷயத்தில் ரென் எட்டிய முடிவு நிற்கவில்லை. அதன் பெயரைச் சுற்றி ஏற்கெனவே ஒரு வாய்ச்சண்டை இருந்தது. லின்னேயஸ் பெயரிட்டதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1756 முதல் 1763வரை, ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் நடந்தது. படைகளின் உணவு மூட்டைகளோடு கரப்பானும் எல்லை கடந்தது. ரஷ்யர்கள் அதைப் ‘புருஷியன்’ என்றார்கள். புருஷியர்கள் ‘ரஷ்யன்’ என்றார்கள். பகைவன் பெயரைச் சூட்டுவது அங்கு வழக்கமாயிற்று. 1842இல் நியூயார்க் நகருக்கு குரோட்டன் நதியிலிருந்து கால்வாய் வழியே குடிநீர் வந்தபோது, குழாயோடு பெருகிய இதே பூச்சிக்கு அந்நகரத்தார் ‘குரோட்டன் பூச்சி’ என்று பெயர் வைத்தனர். நீர்க்குழாயும் கணப்பும் வந்த வீடுகள் குளிர் நாட்டிலும் அதற்கு வெப்ப மண்டலத்தை அமைத்துக் கொடுத்தன.

விடை கிடைத்தது 2024இல். ஆறு கண்டங்களில் 17 நாடுகளிலிருந்து திரட்டிய 281 கரப்பான்களின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு, ஜெர்மன் கரப்பான் ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது என்று காட்டியது. இடம், இந்தியா அல்லது மியன்மார். வயலிலும் சருகிலும் வாழ்ந்த பூச்சி மனிதக் குடியிருப்புக்குள் நுழைந்து, வெளியே வாழும் திறனையே இழந்துவிட்டது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன், இஸ்லாமியப் பேரரசுகளின் வணிகமும் படையெடுப்பும் தழைத்த காலத்தில், அது மேற்கே சென்றது. ஏறத்தாழ 390 ஆண்டுகளுக்கு முன், டச்சு, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்கள் ஓடிய காலத்தில், கிழக்கே தென்கிழக்காசியாவை எட்டியது. பிறகு ஐரோப்பாவை அடைந்து, கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் அங்கிருந்து உலகெங்கும் பரவியது. இன்று தமிழ்நாட்டு ஓட்டல் சமையலறையில் அடுப்படியில் பதுங்கும் இச்சிறு பூச்சியைப் பூச்சி மருந்துக்காரர்கள் ‘ஜெர்மன்’ என்றே அழைக்கிறார்கள். ஆய்வின்படி அதன் பாட்டன் வீடு வங்கக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில்தான்.

கரையானின் மர வழி

கரப்பான் வந்த தடம் சமையலறையில் தெரியும். கரையான் வந்த தடம் கூரை விழுந்தபின்தான் தெரியும். இதற்கு வரலாற்றில் கிடைக்கும் தெளிவான சான்று தென் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா தீவு. அடிமை வணிகத்தைத் தடுக்கப் பிரிட்டன் 1840இல் அங்கு ஒரு கடற்படை நீதிமன்றம் நிறுவியது. பிடிபட்ட அடிமைக் கப்பல்கள் தலைநகர் ஜேம்ஸ்டவுனில் உடைக்கப்பட்டு மரம் விற்கப்பட்டது. அக்காலத்தில் பிரேசில் பக்கமிருந்து வந்த ஒரு கப்பலின் பலகைகளோடு கரையான் இறங்கியது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் ஜேம்ஸ்டவுன் வீடுகளின் உத்தரமும் தரையும் கதவும் உள்ளீடற்றுப் போயின. நூலகப் புத்தகங்களும் தப்பவில்லை. நகரின் பெரும்பகுதியைத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. தீவில் வாழ்ந்த ஜான் மெல்லிஸ் 1875இல் வெளியிட்ட நூலில் இச்சேதத்தை விவரித்திருக்கிறார்.

பிரான்ஸின் மேற்குக் கரையில் லா ரோஷெல் துறைமுகத்தில் நேர்ந்ததும் இதைப் போன்றதே. 1853இல் இயற்கையியலர் காட்ரஃபாஜ் அங்கு சென்று பார்த்தபோது மாவட்ட ஆட்சி அலுவலகத்தின் ஆவணங்கள் கரையானுக்கு இரையாகியிருந்தன. கட்டுகளின் மேல்தாளும் ஓரமும் அப்படியே இருக்க, நடுப்பகுதி மட்டும் தின்னப்பட்டிருந்தது. எடுத்துப் பிரித்தால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று புரியும். எஞ்சிய ஆவணங்கள் துத்தநாகப் பெட்டிகளுக்கு மாறின. செல்லரித்த ஏட்டுச்சுவடியைக் கையில் எடுத்தவர்களுக்கு இக்காட்சி புதிதல்ல. 1924இல் இந்தக் கரையானைத் தனி இனமாகக் கருதி, அப்பகுதியின் பழம்பெயரைச் சேர்த்து ‘சான்டோனென்சிஸ்’ என்று பெயரிட்டனர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு மரபணு ஆய்வு உண்மையைச் சொன்னது: அது வட அமெரிக்காவின் சாதாரண நிலத்தடிக் கரையான். 2013இல் மூலம் இன்னும் துல்லியமாயிற்று. பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த லூசியானாவிலிருந்து அது வந்திருக்கிறது. அந்த வட அமெரிக்க இனத்தின் அறிவியல் பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1837இல் பூச்சியியலர் வின்சென்ஸ் கோலர் அதை முதலில் விவரித்தது அமெரிக்காவில் இல்லை. வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனைச் செடிவீடுகளில். எழுதப்படும் முன்பே அது கடல் கடந்து குடியேறியிருந்தது.

மண் தொடர்பே தேவைப்படாத கரையானும் உண்டு. மேற்கிந்திய உலர்மரக் கரையான் ஒரு நாற்காலிக் கால், ஒரு படச்சட்டம் போதுமென்று வாழும்; மரத்தில் உள்ள சிறு ஈரமே அதற்குக் குடிநீர். அது இருப்பதைக் காட்டிக்கொடுப்பது தரையில் கொட்டிக்கிடக்கும் கழிவு மணிகள். பார்வைக்குக் கசகசா போலிருக்கும். உருப்பெருக்கியில் ஒவ்வொன்றும் ஆறு பட்டையாகச் செதுக்கியது போல் தெரியும். குடலின் கடைசிப் பகுதி நீரைக் கடைசித் துளிவரை பிழிந்தெடுப்பதால் வரும் வடிவம் இது. 1853இல் பெயரிடப்பட்ட இந்த இனம் கரீபியத் தீவுகளைச் சேர்ந்தது என்றே நெடுநாள் எண்ணினர். ஆனால் அங்கெல்லாம் இது கட்டடங்களில் மட்டுமே காணப்பட்டது. 2009இல் வெளியான ஆய்வு, பெரு, சிலி நாடுகளின் வறண்ட கடற்கரையில் மட்டும் இது வெட்டவெளியில் காய்ந்த மரத்தில் இயல்பாக வாழ்வதைக் கண்டது. அக்கரையைப் பிடித்த ஸ்பானியரின் கப்பல்களும் மரச்சாமான்களும் இதைக் கரீபியத்துக்குக் கொண்டுவந்தன. பிற்பாடு தென் ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது. 2000களின் தொடக்கத்தில் அசோர்ஸ் தீவுகளில், உலகப் பாரம்பரியச் சின்னமான அங்ரா நகரின் பழைய வீடுகளில் கண்டறியப்பட்டது. டிரேக் கரப்பான் கப்பலைப் பிடித்த அதே கடற்பரப்பு அது.

போர்க்கப்பல் இறக்கிய ஃபார்மோசா கரையான்

குடியேறிய கரையான்களில் பெரும் சேதம் விளைவித்தது ஃபார்மோசா கரையான். தைவானின் பழைய பெயர் ஃபார்மோசா. அங்கு பிடிபட்ட மாதிரிகளை வைத்து 1909இல் பூச்சியியலர் ஷிராக்கி பெயரிட்டார். அதற்கு இரண்டாண்டு முன்பே, 1907இல், ஹவாயின் ஹொனலூலுவில் இது பிடிபட்டிருந்தது. அமெரிக்கப் பெருநிலத்தில் 1965இல் ஹூஸ்டன் கப்பல் துறையிலும், அடுத்த ஆண்டு லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸிலும் லேக் சார்ல்ஸிலும் கண்டறியப்பட்டது. இடங்களை வரைபடத்தில் குறித்தால் பெரும்பாலும் படைத்தளமோ துறைமுகமோ அருகில் இருக்கும். இரண்டாம் உலகப்போர் முடிந்து பசிபிக்கிலிருந்து திரும்பிய கப்பல்களின் மரப்பெட்டிகளில் இது வந்து, இருபதாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் பெருகியது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம்.

இருபதாண்டுத் தாமதத்துக்குக் காரணம் கரையானின் குடித்தனமே. ஓர் இணை தொடங்கும் கூட்டத்திலிருந்து ஈசல் கிளம்பவே சில ஆண்டுகள் ஆகும். முதிர்ந்தபின் ஒரு கூட்டத்தில் பல பத்து லட்சம் பூச்சிகள் இருக்கும். மென்ற மரம், மண், எச்சில், கழிவு ஆகியவற்றைக் குழைத்து அட்டைப் பலகை போன்ற கூட்டைச் சுவருக்குள்ளும் கட்டும். அந்தக் கூடு மழைநீரைப் பிடித்துவைப்பதால், கூரையில் ஓர் ஒழுக்கு இருந்தால் நிலத்தைத் தொடாமலே அங்கு வாழ முடியும். கப்பலில் தாக்குப்பிடிக்க உதவியதும் இந்தக் கூடுதான். உயிருள்ள ஓக் மரங்களின் நடுவையும் தின்றுவிடுவதால் புயலில் மரம் சாய்ந்து வீடு நொறுங்குவதும் உண்டு. பழைய ரயில் கட்டைகளைத் தோட்டத்துக்கு வேலியாகவும் படியாகவும் விற்கும் வணிகம், துறைமுகத்தில் நின்றதை உள்நாட்டுக்குள் கொண்டுபோனது.

மே மாத மாலைகளில் நியூ ஆர்லியன்ஸ் தெருவிளக்குகளை ஈசல் மொய்க்கும். தமிழ்நாட்டில் முதல் மழைக்குப் பிறகு விளக்கடியில் விழும் ஈசல் ஒரு நாள் வேடிக்கை. அங்கு அது வீட்டுக்காரரின் பணப்பையைக் குறிவைத்த எச்சரிக்கை. அந்நகரில் ஆண்டுச் சேதம் 30 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. 1998இல் அமெரிக்க மத்திய அரசு நகரின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பில் பெரும் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. லா ரோஷெலுக்குக் கரையானை அனுப்பிவைத்த லூசியானா, தானும் வேற்றுநாட்டுக் கரையானிடம் சிக்கிக்கொண்டது.

தடுப்பும் பதிலடியும்

இருவகைப் பூச்சிகளையும் மனிதன் எதிர்கொண்ட வரலாறு இணையாகவே செல்கிறது. கரையானுக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் குளோர்டேன் என்ற நஞ்சை அடித்தளத்து மண்ணில் ஊற்றினர். நீடித்த கேடு தெரிந்தபின் அமெரிக்காவில் 1988இல் அதன் விற்பனை நின்றது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நஞ்சில்லாத் தடுப்பு ஒன்று உருவானது. 2 மில்லிமீட்டர் அளவை ஒட்டி உடைத்த எரிமலைக்கல் பொடியை வீட்டின் கீழே பரப்புவது அது. அந்தக் கல்லைக் கரையானால் கவ்விப் பெயர்க்க முடியாது. கற்களின் இடுக்கில் தலை நுழையாது. 1995இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் நான்-யாவ் சூ உருவாக்கிய இரை முறை விற்பனைக்கு வந்தது. வேலைக்காரக் கரையான் தின்று மற்றவற்றுக்கு ஊட்டும் மருந்து, தோலுரிக்கும் தருணத்தில் புதுத்தோல் உருவாகாமல் செய்துவிடும். மெதுவாகக் கொல்வதால்தான் அது கூட்டம் முழுவதும் பரவ முடிகிறது.

கரப்பானுக்கு 1980களில் இனிப்பில் நஞ்சு கலந்த இரை வந்தது, தொடக்கத்தில் பெருவெற்றி. சில ஆண்டுகளில் சில குடியிருப்புகளில் ஜெர்மன் கரப்பான்கள் இரையைத் தொட மறுத்தன. அவை வெறுத்தது நஞ்சை அன்று, குளுக்கோஸை என்று 1993இல் தெரிந்தது. 2013இல் காரணமும் வெளிப்பட்டது. அக்கரப்பான்களின் வாயுறுப்பில் கசப்பை உணரும் நரம்பு குளுக்கோஸுக்கும் துடிக்கிறது. சர்க்கரை அவற்றுக்குக் கசக்கிறது. இனிப்பை விரும்பியவை செத்து, இனிப்புக் கசந்தவை பிழைத்துப் பெருகின. ஆண்டுக்குப் பல தலைமுறை காணும் கரப்பானுக்கு இது எளிது. கரையான் கூட்டத்தில் இனம் பெருக்குபவை மிகச் சில. தலைமுறையும் ஆண்டுக்கணக்கில்தான் புரள்கிறது. ஆகவே ஒன்று வேகத்தால் தப்புகிறது, மற்றொன்று மறைவால் தப்புகிறது.

ஃபுளோரிடாவில் சந்திப்பு

இவ்வரலாற்றின் பல இழைகள் வந்து சேரும் இடம் ஃபுளோரிடா. 1986இல் அங்கு ஒரு புதுக் கரப்பான் கண்டறியப்பட்டது. பார்வைக்கு ஜெர்மன் கரப்பானேதான். ஆனால் புல்வெளியில் வாழ்ந்தது, நன்றாகப் பறந்தது, விளக்கை நாடி வந்தது. 1981இல் ஜப்பானின் ஒகினாவாவிலிருந்து விவரிக்கப்பட்ட ஆசியக் கரப்பான் அது, ஜெர்மன் கரப்பான் பிரிந்துவந்த அதே தாய் மரபு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் பிரிந்தவை அமெரிக்காவில் அண்டை வீட்டாராயின. ஆய்வகத்தில் இணைத்தபோது இரண்டும் கூடிக் குஞ்சு ஈன்றன.

கரையானிலும் அதுவே நடந்தது. ஃபார்மோசா கரையானின் உறவான தென்கிழக்காசிய இனம் ஒன்று 1996இல் மயாமியில் கண்டறியப்பட்டது. வழக்கமாக இரண்டும் ஈசல் விடும் காலம் வேறு. 2013 முதல் அக்காலங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழத் தொடங்கின. இரண்டு இனத்து ஈசல்களும் இணை சேர்ந்ததும், கலப்புக் கூட்டம் ஆய்வகத்தில் வளர்ந்ததும் 2015இல் வெளியாயின. பின்னர் ஃபுளோரிடாவின் திறந்த வெளியிலேயே கலப்பின ஈசல்கள் பிடிபட்டன.

இனி வரும் கலப்பினத்துக்கு எந்த ஊரின் பெயர் வைத்தாலும் பழைய பெயர்கள் மாறப்போவதில்லை. அறிவியல் பெயரிடும் விதிப்படி முதலில் சூட்டிய பெயருக்கே முன்னுரிமை. ஆகவே ஆப்பிரிக்காவின் கரப்பான் ‘அமெரிக்கானா’வாகவும், தெற்காசியக் கரப்பான் ‘ஜெர்மானிக்கா’வாகவும், சீனக் கரையான் ‘ஃபார்மோசானஸ்’ஆகவும் ஏட்டில் நீடிக்கின்றன.